நிலநடுக்கம் வந்தால் துப்பாக்கி ஓயுமா?

வாசகர் கேள்வி, 3 ஏப்ரல் 2025

நிலநடுக்கத்துக்குப் பிறகு, உள்நாட்டுப் போர் நடக்கும் மியான்மாரில் இராணுவமும் நேற்று போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சேயில் சமாதானம் வந்ததே, அதுபோல இங்கேயும் வரும் என்றுதான் நினைக்கிறேன். இப்போது உலகம் நிவாரணத்தைக் கொட்டினால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். இலங்கையில் சுனாமி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

3 ஏப்ரல் 2025, இரவு

நான் செய்திருக்கிறேன். 2005இல் மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பக்கம், ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தின் களப் பணியாளனாக. தமிழ் பேசுவேன், ஊர் தெரியும் என்பதற்காக எடுத்தார்கள்.

நீங்கள் சொல்வது பாதிக் கதை. 26 டிசம்பர் 2004 அன்று அதே அலைதான் அச்சேயையும் அடித்தது, எங்களையும் அடித்தது. இரண்டு இடத்திலும் அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கிய இயக்கம் இருந்தது. 15 ஆகஸ்ட் 2005இல் ஹெல்சிங்கியில் அச்சே இயக்கமும் இந்தோனேசிய அரசும் கையெழுத்துப் போட்டன. அதற்கு மூன்று நாள் முன்னால், ஆகஸ்ட் 12 இரவு, கொழும்பில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு எங்கள் பக்கம் முழு யுத்தம். அலையால் சமாதானம் வருமென்றால் எங்களுக்கும் வந்திருக்க வேண்டும். எங்களிடம் அப்போது 2002இலிருந்து எழுத்தில் ஒரு போர்நிறுத்த ஒப்பந்தமே இருந்தது. அச்சேயில் அதுகூட இல்லை.

4 ஏப்ரல் 2025

அப்படியானால் அச்சேயில் மட்டும் ஏன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

அங்கே சுனாமிக்கு முன்பே பின்கதவுப் பேச்சு தொடங்கியிருந்தது. 2004 அக்டோபரில்தான் புதிய ஜனாதிபதி யுதோயோனோ பதவிக்கு வந்திருந்தார். துணை ஜனாதிபதி யூசுப் கல்லா அதற்கு முன்பிருந்தே இயக்கத்துடன் ஆள் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். 2003 மே மாதத்தில் கொண்டுவந்த இராணுவச் சட்டத்துக்குப் பிறகு இயக்கமும் களைத்துப் போயிருந்தது. இரண்டு தரப்புக்கும் நிறுத்துவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்ட நேரத்தில் அலை வந்தது. ஃபின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி அத்திசாரி நடுவில் உட்கார்ந்தார்.

நிவாரணத்தைப் பொறுத்தவரை அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புனரமைப்புக்கென்று தனி நிறுவனம் அமைத்து, அதன் தலைவருக்கு அமைச்சர் அந்தஸ்து கொடுத்து, அலுவலகத்தைத் தலைநகர் ஜகார்த்தாவில் வைக்காமல் பாண்டா அச்சேயிலேயே வைத்தார்கள். முடிவெடுக்கிறவர் இடிந்த ஊரில் உட்கார்ந்திருந்தார். 2009இல் வேலை முடிந்ததும் அந்த நிறுவனத்தைக் கலைத்தும் விட்டார்கள். எங்களிடம் யார் முடிவெடுப்பது என்பதே பெரிய வழக்காகிவிட்டது. அதை ஆறுதலாக எழுதுகிறேன்.

5 ஏப்ரல் 2025

பொதுக்கட்டமைப்பு, அதாவது சுனாமி நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து பகிர்வதற்கான ஏற்பாடு பற்றி. இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது.

வடக்குக் கிழக்குக் கரையில் ஒரு பகுதி அரச கட்டுப்பாட்டில், ஒரு பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, எங்கள் வாகரை எல்லாம் புலிகளின் பக்கம். வெளிநாட்டு அரசு கொடுக்கும் பணம் கொழும்புக்கு வரும், கொழும்பிலிருந்து அது எப்படி அந்தப் பக்கம் போவது? அதற்காக நோர்வேயின் உதவியோடு மாதக்கணக்கில் பேசி, 24 ஜூன் 2005 அன்று ஓர் உடன்பாடு கையெழுத்தானது. சுனாமிக்குப் பிறகு ஆறு மாதம். தறப்பாள் கூடாரத்தில் இருந்த சனத்துக்கு அந்த ஆறு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆறு மாவட்டங்களுக்கு ஒரு பிராந்தியக் குழு. அதில் புலிகளுக்கு ஐந்து இடம், முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்நிலம் வரைதான் அதன் எல்லை. அவ்வளவு சின்ன ஏற்பாடு. அதற்கே ஆளும் கூட்டணியில் இருந்த ஜே.வி.பி. கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அலுவலகம் கிளிநொச்சியில் இருப்பதும், பிராந்திய நிதியமும் அதில் அடக்கம். அதோடு கதை முடிந்தது. ஒரு சதம்கூட அந்த வழியால் வரவில்லை.

முஸ்லிம்கள் கேட்டதும் நியாயம்தான். அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று வரிசையாக முஸ்லிம் ஊர்கள். அவர்களுக்குக் குழுவில் இடம் கொடுத்தார்கள், ஆனால் கையெழுத்துப் போட்ட தரப்பு இரண்டுதான். "எங்கட மையத்துகளுக்கு (இறந்தவர்களுக்கு) நாங்களே கையெழுத்துப் போட ஏலாதா?" என்று சாய்ந்தமருதில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

5 ஏப்ரல் 2025, பின்னேரம்

"முதல் நாட்களில் எல்லாரும் ஒன்றாக உதவினார்களாமே, அது பொய்யா?"

பொய்யில்லை. பள்ளிவாசலில் இருந்து சோற்றுப் பார்சல் தமிழ் ஊருக்கு வந்தது. சிங்களக் கிராமங்களில் இருந்து லொறி லொறியாக அரிசியும் உடுப்பும் வந்தன. இராணுவப் பையன்களும் இயக்கப் பிள்ளைகளும் ஒரே கரையில் பிணம் தூக்கினார்கள். அந்த நாட்களைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து எந்த நிறுவனமும் வருவதற்கு முன் நடந்தது அது. பெரிய பணம் வந்த பிறகுதான் எண்ணிக்கை, படிவம், யாருடைய பகுதி என்ற பேச்சு எல்லாம் தொடங்கின. பணம் கெட்டது என்று சொல்ல வரவில்லை, பணம் இல்லாமல் வீடு கட்ட முடியாது. பணம் வரும்போது பட்டியல் யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன்.

7 ஏப்ரல் 2025

பட்டியல் என்றேன், அதை விளக்கவேண்டும். இந்த இழையில் நான் சொல்ல விரும்புவதே இதுதான்.

வாகரையில் சுனாமி வருவதற்கு முன்பே யுத்தத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. 1990இலிருந்து மூன்று நான்கு தரம் எழும்பி ஓடியவர்கள். சொந்தக் காணி இராணுவ முகாமுக்குள்ளோ, கண்ணிவெடிக்குள்ளோ கிடக்கும். கரையோரமாக அரச காணியில் ஒரு கொட்டில் போட்டுக் கொண்டு, கரைவலை இழுத்துச் சீவித்தார்கள். அலை அந்தக் கொட்டிலையும் கொண்டுபோனது.

இப்போது அவர்கள் யார்? அரசின் ஏற்பாட்டில் சுனாமி அகதிக்கு ஆளுக்கு வாரம் 375 ரூபாய் நிவாரணம், அதில் 200 காசு, மிச்சம் பொருள். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் என்று சில மாதங்கள். முழுதாக உடைந்த வீட்டுக்கு 2,50,000, பகுதியாக உடைந்ததற்கு 1,00,000. யுத்த அகதிக்கு எப்போதோ நிர்ணயித்த பழைய உலர் உணவுத் தொகை. விலைவாசி எவ்வளவு ஏறியும் அது ஏறவில்லை. வீட்டுக்கும் குறைந்த தொகை. ஒரே பாடசாலை வளவுக்குள் இரண்டு குடும்பம், இரண்டுக்கும் வீடில்லை, இரண்டிலும் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒன்றுக்குப் புது அடுப்பும் சட்டிபானையும் வரும். மற்றதுக்கு வராது.

கொட்டில் போட்டிருந்த ஓர் அக்கா கிராம சேவகரிடம் போனார். காணி உறுதிப் பத்திரம் கேட்டார் அவர். உறுதி எப்படி இருக்கும்? அதனால் வீட்டுப் பட்டியலில் பெயரில்லை. யுத்த அகதிப் பதிவில் பெயர் இருந்தது, ஆனால் அது அவர் முன்பு இருந்த பிரதேச செயலகத்தில். இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுந்துவிட்டார். கிராம சேவகர் கெட்டவர் இல்லை, சுற்றறிக்கையில் உள்ளபடி செய்தார். எங்கள் நிறுவனத்திலும் அதே பதில்தான். இந்தப் பணம் சுனாமிக்கென்று கொடுத்தது, கணக்காய்வில் பிடிப்பார்கள் என்றார்கள்.

உலகம் முழுக்க மக்கள் தொலைக்காட்சியில் அலையைப் பார்த்து மனமிளகிக் கொடுத்த பணம் அது. இருபது வருடமாக யுத்தத்தில் ஓடிய சனத்துக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிவாரணத்துக்கு அடிப்படையான பாகுபாடின்மைக் கொள்கை, தேவையைப் பார், ஆளைப் பார்க்காதே என்கிறது. எதனால் இழந்தாய் என்று கேட்டுப் பிரிப்பதும் ஆள் பார்ப்பதுதான்.

7 ஏப்ரல் 2025, இரவு

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். சில நிறுவனங்கள் பணம் கொடுத்தவர்களோடு பேசி, சுனாமிப் பணத்தில் ஒரு பங்கை யுத்தத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கும் திருப்பின. முடியாத காரியம் இல்லை. கேட்டால் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்மதித்தார்கள் என்று அந்த நிறுவனங்களில் இருந்த நண்பர்கள் சொன்னார்கள்.

9 ஏப்ரல் 2025

சுனாமிக்குப் பிறகு வீடுகளைக் கரையிலிருந்து விலகிக் கட்டும்படி அரசு சொன்னது சரியான விஞ்ஞானம்தானே என்று ஒரு பொறியியலாளர் கேட்கிறார்.

விஞ்ஞானம் என்றால் தெற்கில் 100 மீட்டர், வடக்குக் கிழக்கில் 200 மீட்டர் என்று ஏன் இரண்டு அளவு? அலையின் உயரத்தைக் காரணம் சொன்னார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் மட்டக்களப்பின் நாவலடியைப் பாருங்கள், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு மணல்துண்டு. சாய்ந்தமருதில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியிருக்கும், பின்னால் வயல். 200 மீட்டர் என்றால் தெருத்தெருவாகப் போய்விடும். போனவர்களுக்கு மாற்றுக் காணி எங்கே? காணி என்றாலே இனப் பிரச்சினையாக இருக்கிற மாவட்டங்கள் இவை. வேறொரு நாட்டில் ஒரு வரைபடக்காரர் முடிவு செய்வதை, இங்கே செய்தால் அது யாருடைய ஊரை எங்கே நகர்த்துகிறாய் என்ற கேள்வியாகிவிடும். பிறகு அந்த எல்லையைத் தளர்த்தினார்கள். அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது.

அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் சவூதி அரேபியா 500 வீடு கட்டிக் கொடுத்தது, சுனாமியில் வீடிழந்த முஸ்லிம்களுக்கென்று. எல்லா இனத்துக்கும் பகிரவேண்டும் என்று வழக்குப் போய், வீடுகள் பூட்டிய கதவோடு காடு பற்றிக் கிடந்தன, வருடக்கணக்காக. கட்டடம் தயார், பணம் கொடுத்தாயிற்று, ஆட்களும் கரையில் காத்திருக்கிறார்கள். நிவாரணத்தைக் கொட்டினால் போதும் என்று முதல் கேள்வியில் எழுதியவர் இந்த 500 வீடுகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

10 ஏப்ரல் 2025

நன்கொடையாக வந்த மீன்பிடி வள்ளங்கள் பற்றிக் கேட்ட தம்பிக்குச் சுருக்கமாக: ஆம், சில ஊரில் சுனாமிக்கு முன்பிருந்ததைவிடக் கூட வள்ளம் வந்தது. படம் எடுக்க வள்ளம் நன்றாக இருக்கும். வலையும் எஞ்சினும் ஐஸும் சந்தைக்குப் போக றோட்டும் இல்லாவிட்டால் வள்ளத்தால் என்ன பயன்? எங்கள் பக்கம் கடல் பாதுகாப்பு வலயம், இரவில் போகத் தடை, பாஸ் வேறு. அந்தத் தடையைப் பற்றிப் பேச எந்த நன்கொடையாளரும் வரவில்லை.

14 ஏப்ரல் 2025

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. இன்று இதை எழுத மனம் வரவில்லை, ஆனாலும் ஒருவர் கேட்டதற்குப் பதில் வைக்கவேண்டும். நிவாரணப் பணியாளர்களைப் போர்க்காரர்கள் மதிப்பார்கள்தானே என்று கேட்டிருக்கிறார்.

2006 ஆகஸ்டில் மூதூரில் பட்டினிக்கு எதிராக வேலை செய்யும் பிரெஞ்சு நிவாரண நிறுவனமான ஏ.சி.எஃப்.இன் பணியாளர்கள் 17 பேர், அலுவலக வளவுக்குள், நிறுவனத்தின் சட்டையோடு, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமிக்குப் பிந்திய வேலைக்காகப் போயிருந்தவர்கள். ஆணைக்குழு வந்தது, வெளிநாட்டு நிபுணர்கள் வந்தார்கள், போனார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஜனவரிக் கடைசியில் வெலிக்கந்தைப் பக்கம் தமிழர் புனர்வாழ்வுக் கழகப் பணியாளர்கள் கடத்தப்பட்டார்கள். ஏழு பேர் திரும்பவேயில்லை. அந்தக் கழகம் புலிகளுக்கு நெருக்கமானது என்பது எல்லாருக்கும் தெரியும். வவுனியாவுக்குப் பயிற்சிக்குப் புறப்பட்ட கணக்கெழுதுகிற பிள்ளைகளைக் கடத்துவதற்கு அது நியாயமாகுமா?

மூதூரில் இருந்தவர்கள் எல்லாரும் உள்ளூர்ப் பிள்ளைகள். இது தற்செயல் இல்லை. எங்கேயும் ஆபத்து கூடியதும் வெளிநாட்டுப் பணியாளர்களைத்தான் முதலில் வெளியே எடுப்பார்கள். மிஞ்சி நிற்பவர் உள்ளூர் ஆள். அவருடைய காப்புறுதி, அவருடைய வாகனம், அவரை எப்போது திரும்ப அழைப்பது என்ற முடிவு, இவையெல்லாம் வெளிநாட்டவருக்கு உள்ளதுபோல் இருக்கவேண்டும் என்று நான் அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

17 ஏப்ரல் 2025

சிரியா பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நன்றி, அதைத்தான் நானும் நினைத்துக் கொண்டிருந்தேன்.

6 பெப்ரவரி 2023 நிலநடுக்கம். துருக்கிப் பக்கம் உலகமே மீட்புக் குழு அனுப்பியது. எல்லைக்கு அந்தப் பக்கம், வடமேற்குச் சிரியாவில், நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஏற்கனவே நிவாரணத்தை நம்பி இருந்தார்கள், பெரும்பாலும் யுத்தத்தால் ஓடி வந்தவர்கள். 2014இல் பாதுகாப்புச் சபை நான்கு எல்லை வழிகளைத் திறந்துவிட்டது. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோவைக் காட்டிக் காட்டி 2020இல் அதை ஒன்றாகக் குறைத்தன, பாப் அல்-ஹவா மட்டும். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஐ.நா.வின் முதல் வாகனத் தொடர் பெப்ரவரி 9 அன்றுதான் உள்ளே போனது, ஆறு லொறி. இடிபாட்டுக்குள் இருப்பவரை உயிரோடு எடுக்க வாய்ப்பு அதிகமுள்ள முதல் மூன்று நாள் அதற்குள் முடிந்துவிட்டது. வெள்ளைத் தலைக்கவசக்காரர்கள் என்ற உள்ளூர் மீட்புத் தொண்டர்கள் கையாலும் கடப்பாரையாலும் தோண்டினார்கள். ஐ.நா. நிவாரணத் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸ் எல்லைக்கே வந்து, அந்த மக்களை இதுவரை கைவிட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். பிறகு இன்னும் இரண்டு வழிகளைத் திறக்க அப்போதைய சிரிய ஜனாதிபதி அசாத் சம்மதித்தார், பெப்ரவரி 13 அன்று. ஒரு வாரம்!

எல்லையில் சாவி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் இப்படித்தான். அந்தச் சாவியை நிலநடுக்கம் வந்த பிறகு கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, முன்பே இரண்டு மூன்று வழி திறந்திருக்கவேண்டும். பேரிடர் முன்னாயத்தம் என்று நாம் கூடாரமும் தண்ணீர்த் தாங்கியும் அடுக்கிவைக்கிறோம். யுத்தம் நடக்கிற இடத்தில் அனுமதியையும் அப்படி முன்கூட்டியே வாங்கி வைக்கவேண்டும்.

18 ஏப்ரல் 2025

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது 2008 ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் இலங்கை அரசாங்கம் ஐ.நா. அமைப்புகளையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு மட்டும் நின்றது. நவம்பர் கடைசியில் நிஷா புயல். தமிழ்நாட்டிலும் பெரிய சேதம், அங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். அதே மழை வன்னியில் தறப்பாளுக்குக் கீழே இருந்த சனத்தின் மேலும் கொட்டியது. பங்கருக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது. மேலே ஷெல், உள்ளே வெள்ளம். வவுனியாவில் இருந்து ஓமந்தை வழியாக உணவு லொறிகள் இடைவெளி விட்டுப் போயின, அதற்கு மேல் ஒன்றுமில்லை.  சேதத்தைக் கணக்கெடுக்கக்கூடிய வெளியார் பெரும்பாலும் அங்கே இல்லை.

7 மே 2025

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மியான்மார் போர்நிறுத்தம் நீடிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்களோ என்கிறார்.

நான் தவறாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருக்க முடியாது. ஆனால் அறிவிப்பு வந்த நாளில் இருந்தே, நிலநடுக்கம் தாக்கிய சகாயிங் பகுதியில் குண்டு விழுவதாகச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அறிவிப்புக்கு முந்திய இரவு, ஏப்ரல் 1, சீனச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரண வண்டிகளை நோக்கியே இராணுவம் சுட்டது. எச்சரிக்கை வேட்டு என்றார்கள். மண்டலேயில் இந்திய இராணுவம் கள மருத்துவமனை போட்டது, நல்ல காரியம். ஆற்றுக்கு அப்பால் எதிர்ப்புப் படைகள் இருக்கும் ஊர்களுக்கு யார் போட்டார்கள்?

15 மே 2025

மே 12 அன்று சகாயிங் பகுதியில் டெபயின் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விமானத்தாக்குதல். இருபது பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். போர்நிறுத்தம் காகிதத்தில் இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது.

இதற்கு மேல் அந்த வாதத்தை நான் தொடரப்போவதில்லை.

16 மே 2025

"அப்படியென்றால் கொடுக்காமலே இருந்துவிடலாமா?" என்று கோபமாக ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கோபம் நியாயம். கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். நான் இவ்வளவு நீளமாக எழுதியது அதற்காகத்தான்.

பழைய உடுப்பு சேர்க்காதீர்கள். 2005இல் எங்கள் கரையில் கம்பளிக் கோட்டு மூட்டை நனைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். காசாகக் கொடுங்கள். அங்கேயே அரிசியும் தகரமும் வாங்க முடிகிற இடங்களில் சனத்தின் கைக்குக் காசு போவதுதான் நல்லது. 'நிலநடுக்கத்துக்கு மட்டும்' என்று எழுதாமல், தேவையுள்ளவர்களுக்கு என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரியால் எத்தனையோ குடும்பங்கள் உள்ளே வரும். இராணுவக் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள ஊர்களில் உங்கள் வேலையை யார் செய்கிறார்கள், அவர்களுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். பாதுகாப்புக் காரணத்தால் பெயர் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் ஆள் இருக்கிறார்களா என்பதற்குப் பதில் வரவேண்டும்.

அப்புறம் பட்டியல். மியான்மாரிலேயே அதிகம் பேர் யுத்தத்தால் இடம்பெயர்ந்து இருந்தது சகாயிங்கில்தான். அவர்களில் பலர் விகாரைகளிலும் தோட்டக் கொட்டில்களிலும் இருந்தவர்கள். அவர்களிடம் இடிந்த வீடு என்று காட்ட ஒன்றுமிருக்காது. வீட்டுச் சேதப் பதிவில் அவர்களை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று உங்கள் காசு போகும் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். வந்த பதிலை இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.